இணையத்தில் பட்டா யார் பேரில்?

மறைமலைநகரை ஒட்டிய ஒரு காலனியில் வாரத்தில் இரண்டு நாள் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். போன மாதம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகும் ஒரு தம்பி மட்டும் நின்றுகொண்டிருந்தான். பி.காம். மூன்றாம் ஆண்டு. அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா கம்பெனியில் துப்புரவு வேலைக்குப் போகிறார். செல்போனை என் கையில் கொடுத்து, "அண்ணா, இதுல சேரலாமா?" என்று கேட்டான்.

திரையில் ஒரு விளம்பரம். கோட்டு போட்ட ஒருவர் காரில் சாய்ந்து நின்று பேசுகிறார். முப்பதே நாளில் ஆன்லைன் தொழில் கற்றுக்கொள்ளலாமாம். வீட்டிலிருந்தபடியே மாதம் ஒரு லட்சம் வருமாம். பயிற்சிக் கட்டணம் 18 ஆயிரம் ரூபாய். "பணத்துக்கு என்ன செய்யப் போற?" என்றேன். "அம்மா கம்மலை அடகு வைக்கச் சொல்லிட்டாங்க" என்றான்.

ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். அந்த ஒரு வாரத்தில் நான் அவனிடம் சொன்னவைதான் இந்தக் கட்டுரை. இதே கேள்வியோடு செய்யூரிலும் மதுராந்தகத்திலும் திருக்கழுக்குன்றத்திலும் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்று. இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவனை யாரும் குறை சொல்லக்கூடாது. மறைமலைநகர்ப் பிள்ளைகள் கம்பெனி கேட்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஃபோர்டு தொழிற்சாலை இந்த ஊரின் அடையாளமாகவே இருந்தது. 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். 2022 ஜூலையில் இங்கிருந்து கடைசி கார் வெளியே வந்தது. நிரந்தர வேலையில் இருந்தவர்கள் இழப்பீட்டுக்காகப் போராடினார்கள். அந்தக் கார்களுக்கு உதிரிபாகம் செய்த சின்னச் சின்னக் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலிக்கு நின்றவர்களுக்குப் போராட ஒரு இடம்கூட இல்லை. ஆலையை மீண்டும் பயன்படுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் ஃபோர்டு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. வரட்டும், நல்லது. ஆனால் கேட் ஒரே நாளில் மூடும் என்பதைப் பார்த்துவிட்ட பிள்ளைகள் செல்போனில் வேறு கேட் திறக்கிறதா என்று பார்ப்பது இயல்புதான்.

அந்தக் கேட்டில் முதலில் நிற்பவர் பெரும்பாலும் வியாபாரி அல்ல. வியாபாரம் கற்றுத் தருவதாகச் சொல்பவர். தொழில் நடத்திச் சம்பாதித்தாரா, தொழில் கற்றுத் தருகிறேன் என்று சொல்லிச் சம்பாதித்தாரா? இதைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். விளம்பரம் பார்த்தால் பணம், வீடியோவுக்கு லைக் போட்டால் பணம், ஆள் சேர்த்தால் கமிஷன் என்று சொல்பவை இதைவிட மோசம். விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று சொன்ன ஒரு நிறுவனத்தின் மீது கோவை போலீசார் 2024 ஜனவரியில் வழக்குப் பதிந்தபோது, அந்த நிறுவனத்துக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் சாலைக்கு வந்து நின்றார்கள். நம்பிக்கை அவ்வளவு ஆழமாக விதைக்கப்பட்டிருந்தது. வாங்குபவர் பொருளுக்காகவோ வேலைக்காகவோ பணம் தந்தால் அது தொழில். அடுத்து சேரும் ஆளின் பணம்தான் உனக்கு வருகிறது என்றால் அது தொழில் அல்ல. ஆள் சேர்த்து ஓடும் பிரமிட் திட்டங்களை 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளே தடை செய்கின்றன. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு உண்மையையும் தம்பியிடம் சொன்னேன். தொழிலில் தோற்பது தவறில்லை என்று எல்லோரும் பேசுகிறார்கள். நிலம் இருப்பவருக்கும், கடை வைத்திருக்கும் மாமன் இருப்பவருக்கும் அது சரி. ஒரு முறை தோற்றால் இன்னொரு முறை பார்க்கலாம். நம் வீட்டில் தோல்வி என்றால் அம்மாவின் கம்மல் மூழ்கிப் போவது, தங்கையின் கல்லூரிக் கட்டணம் நிற்பது. ஆகவே தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது "எவ்வளவு வரும்?" என்பதற்கு முன்னால், "போனால் எவ்வளவு போகும்? அதைத் தாங்க முடியுமா?" என்று கேட்க வேண்டும். கடன் வாங்காமல் தொடங்க முடிகிற தொழிலே முதல் தொழிலாக இருக்கட்டும்.

சந்தையில் சாதி இல்லை, பொருள் நன்றாக இருந்தால் போதும் என்றும் சொல்வார்கள். அண்ணல் அம்பேத்கர் 1917-ல் லண்டனிலிருந்து திரும்பிய சில காலத்தில் பம்பாயில் பங்கு வர்த்தக ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர் அவர். ஆனால் ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. நிறுவனத்தை மூடினார். அவரிடம் திறமை குறைவாக இருந்ததா என்ன?

இணையத்தில் முகம் தெரியாது, ஆகவே சாதியும் தெரியாது என்பது பாதி உண்மைதான். ஊர்ப் பெயர், அப்பா பெயர், சுவரில் மாட்டிய படம் என்று ஏதோ ஒன்றில் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டுத் தொழிலில் இது இன்னும் அதிகம். இதற்கு நேர் எதிராக நின்று பார்த்தவர்களும் உண்டு. எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் 2016-ல் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரிலேயே மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், ஊறுகாய் ஆகியவற்றை இணையத்தில் விற்கத் தொடங்கினார். மும்பையில் சுதீர் ராஜ்பர், வசைச்சொல்லாகப் பயன்பட்ட சாதிப் பெயரையே வைத்து 'சமார் ஸ்டுடியோ' என்று பைகள் செய்து விற்கிறார். பெயரைச் சொல்லி விற்பதா, வேலையை மட்டும் காட்டி விற்பதா என்பது அவரவர் முடிவு. இரண்டிலும் அவமானம் இல்லை. ஆனால் சாதி குறுக்கே வரும் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். ஒரே ஊரை, ஒரே வகை வாடிக்கையாளரை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

சரி, எந்தத் திறமை? இதற்கு நம் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவு சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பு பிடித்துத் தோலுக்கு விற்றார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பிழைப்பு போயிற்று. 1978-ல் ராமுலஸ் விட்டேக்கர் போன்றோரின் துணையோடு சங்கம் அமைத்தார்கள். அதே கைத்திறமைதான், தொழில் முறை மட்டும் மாறியது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, சில முறை விஷம் எடுத்து, அடையாளமிட்டு மறுபடி காட்டில் விட்டார்கள். அந்த விஷம் பாம்புக்கடி மருந்து செய்யும் நிறுவனங்களுக்குப் போகிறது. நாடு முழுவதும் பாம்புக்கடி மருந்துக்கு இங்கிருந்து போகும் விஷம் பெரும் ஆதாரம். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதில் மூன்று பாடம். மற்றவரிடம் இல்லாத, தங்களிடம் ஏற்கெனவே இருந்த திறமையை எடுத்தார்கள். ஒரே முறை விற்று முடியும் தோலை விட்டு, திரும்பத் திரும்பத் தேவைப்படும் பொருளுக்கு மாறினார்கள். தனியாளாக நிற்காமல் தங்கள் சங்கத்தின் பேரில் விற்றார்கள். நான்காவதாக ஒரு எச்சரிக்கையும் உண்டு. அனுமதி தரும் அரசுத் துறையும் வாங்கும் நிறுவனங்களும் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஒரு வாசல் தாமதமானாலும் அடுப்பு அணையும். ஆகவே ஒரே வாசலை நம்பாதே.

இதை நம் பிள்ளைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். ஐ.டி.ஐ., டிப்ளமா படித்த ஃபிட்டரும் டர்னரும் இந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றி நிறையப் பேர். இயந்திரத்தைக் கையால் தொட்டுத் தெரிந்தவர்கள். அதோடு கணினியில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டால், சிறு பட்டறைகளுக்கு வெளியூரிலிருந்தும் வேலை செய்து தரலாம். பி.காம். படித்த தம்பி டேலியும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலும் சுத்தமாகக் கற்றுக்கொண்டால், மாதாமாதம் கணக்குத் தேவைப்படும் பத்து கடைகள் போதும். தையல் தெரிந்த அக்காக்கள் பள்ளிச் சீருடைக்கும் கம்பெனிச் சீருடைக்கும் வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் எடுக்கலாம்.

பறையையும் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் கட்டாயப்படுத்தி அடிக்கச் சொன்னதை மறுத்து எழுந்தவர்கள் நாம். அந்த மறுப்பில் சமரசம் கிடையாது. ஆனால் கட்டாயத்துக்கு அடிப்பது வேறு. ஆசானாக உட்கார்ந்து கட்டணம் பெற்றுக் கற்றுத் தருவது வேறு. மதுரையின் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். வெளிநாட்டுத் தமிழர் வீடுகளிலும் பறை கற்க ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடவும் வரலாறும் சேர்த்து இணையவழியில் ஒழுங்கான பாடமாகக் கற்றுத் தர நம் கலைஞர்களால் முடியும். நாம் செய்யாவிட்டால், பறையைத் தொடத் தயங்கிய வீட்டுப் பிள்ளைகள் நாளைக்கு அதை நமக்கே பாடம் நடத்துவார்கள்.

ஒரு எச்சரிக்கை. டைப் அடிப்பது, மேலோட்டமாக மொழிபெயர்ப்பது, எளிய விளம்பரப் படம் செய்வது போன்றவற்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போதே நொடியில் செய்கின்றன. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்று வாடிக்கையாளர் ஒரு மனிதரைத் தேடும் வேலை எதுவோ, அது நிற்கும்.

அடுத்தது தொழில் முறை. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். மூன்று முறைகளைப் பார்ப்போம்.

ஒன்று, வீடியோ போட்டு விளம்பர வருமானம். யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் குறும்வீடியோக்களுக்கு ஒரு கோடிப் பார்வை வேண்டும். அதன் பிறகும் வருவது மாதச் சம்பளம் அல்ல. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. கிராமத்திலிருந்தும் சேரியிலிருந்தும் ஆடிப் பாடி லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் மறுநாள் காலையில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. லட்சம் பேரில் ஒருவரின் செல்போன் எண்கூட அவர்கள் கையில் இல்லை என்பதுதான் நமக்குப் பாடம். வீடியோ போடுங்கள், ஆனால் அதை விளம்பரப் பலகையாக வையுங்கள். கடை வேறு இடத்தில் இருக்கட்டும்.

இரண்டு, பிறர் பொருளை வாங்கி இணையத்தில் விற்பது. சரக்கு வைக்க வேண்டாம், முதலீடு வேண்டாம் என்பார்கள். ஒரு நோட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 ரூபாய்ச் சட்டையை 350-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கூரியர் 60, விளம்பரச் செலவு 40 போனால் ஒரு சட்டைக்கு மிச்சம் 50. பத்து சட்டை அனுப்பி ஏழு நின்றால் 350 ரூபாய் லாபம். திரும்பி வந்த மூன்றுக்கும் போக 60, வர 60, விளம்பரம் 40 என்று தலைக்கு 160 வீதம் 480 ரூபாய் நட்டம். பத்து சட்டை விற்கப் போய், கையிலிருந்து 130 ரூபாய் போயிருக்கும். இந்தக் கணக்கைப் பயிற்சிக்காரர்கள் பலகையில் எழுத மாட்டார்கள்.

மூன்று, தெரிந்த வேலையைச் செய்து கொடுப்பது அல்லது தன் கையால் செய்த பொருளை விற்பது. மெதுவாகத்தான் வளரும். ஆனால் ஒருமுறை வந்தவர் மறுபடி வருவார், இன்னொருவரையும் கூட்டி வருவார். நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாகச் செய்தால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வேலை நிற்காது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை வந்தது. அந்த நிலத்தில் எவ்வளவு இன்று நம் பேரில் இருக்கிறது? காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போராடியபோது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். உழைப்பது ஒருவர், பட்டா இன்னொருவர் பேரில் என்பது நம் மாவட்டத்தின் பழைய காயம்.

இணையத்திலும் அதே கேள்விதான். கடை ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர் பட்டியல் அவர்களிடம். விதியை மாற்றுவது அவர்கள். கணக்கை முடக்கினால் கேட்க நாதியில்லை. அது குத்தகை நிலம். குத்தகையில் பயிர் செய்யலாம், ஆனால் சொந்தமாக ஒரு சென்ட்டாவது வேண்டும். சொந்த இணையப் பெயர் ஒன்றை ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாயில் பதிந்துகொள்ளலாம். வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் அவர் சம்மதத்தோடு ஒரு நோட்டில் இருக்கட்டும். மின்னஞ்சல், கடவுச்சொல், வங்கிக் கணக்கு, எல்லாம் வேலை செய்பவர் பேரிலேயே இருக்கட்டும். இதைப் பெண்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். மசாலா அரைப்பது அக்கா, கியூ.ஆர். அட்டையில் வீட்டுக்காரர் பேர் என்றால் அங்கேயும் பட்டா கைமாறிவிட்டது.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. பிறர் அச்சகத்தை நம்பி எவ்வளவு காலம் நடத்த முடியும்? இரண்டாண்டுக்குள் சொந்த அச்சகம் அமைத்துக்கொண்டார். இழிவுக்குச் சொன்ன பேரைத் தலைப்பில் வைத்தார், அச்சிடும் இயந்திரத்தைத் தன் கையில் வைத்தார். இன்று இணையத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி நான் அறியேன்.

அரசின் கதவுகளையும் தட்ட வேண்டும். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். பணம் கேட்டால் அது தரகர். மாநிலத்துக்குள் பொருள் விற்கும் சிறு வியாபாரிகள், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்தால், 2023 அக்டோபர் முதல் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே இணையச் சந்தைகளில் விற்கலாம், ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி வரை மானியம் உண்டு. வட்டியிலும் 6 சதவீதம் மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்பது 2012 முதல் கொள்கை. அந்தக் கொள்முதல் இப்போது 'ஜெம்' என்ற அரசு இணையச் சந்தை வழியாக நடக்கிறது. நம் மாவட்டத்தில் கல்பாக்கம் இருக்கிறது. சீருடை, துப்புரவுப் பொருள், அச்சு வேலை என்று எவ்வளவோ வாங்குகிறார்கள். அந்த 4 சதவீதம் யாரிடம் போகிறது என்று நம் பிள்ளைகள் கேட்க வேண்டும், விற்கவும் வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. தொழில் மையமும் தாட்கோவும் முகாமை ஆட்சியர் அலுவலகத்தில் மட்டும் நடத்தாமல் காலனிக்குள் வந்து நடத்துங்கள். ஜெம் தளத்தில் பதிய உதவ ஒரு ஆளை உட்கார வையுங்கள். சான்றிதழ் கொடுத்ததோடு விடாமல், ஓராண்டு கழித்து எத்தனை தொழில் நிற்கிறது என்ற கணக்கையும் வெளியிடுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொழில்முனைவோர் ஆகுங்கள் என்று சொல்லிவிட்டு, நிரப்பாமல் கிடக்கும் பின்னடைவுக் காலிப்பணியிடங்களை அரசு மறந்துவிடக்கூடாது. ஒப்பந்தத் தொழிலாளியின் பணி நிரந்தரத்துக்கான போராட்டமும் நிற்கக்கூடாது. இணையத் தொழில் இட ஒதுக்கீட்டுக்கு மாற்று அல்ல. கையில் இன்னொரு கருவி, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தம்பி வந்தான். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. காலனியைச் சுற்றி நடந்து எழுதியிருக்கிறான்: பதினேழு சின்னக் கடைகள், நான்கு பட்டறைகள், யாரிடம் கணக்கு எழுத ஆள் இல்லை, யார் மாதம் எவ்வளவு கொடுத்து வெளியில் செய்துகொள்கிறார்கள் என்ற விவரம். மூன்று பேர் "செய்து காட்டு, பார்க்கலாம்" என்றார்களாம். அதில் ஒருவர் அவன் ஊர்ப் பேரைக் கேட்டுவிட்டு, பிறகு சொல்கிறேன் என்றாராம். அதையும் எழுதி வைத்திருக்கிறான்.

இன்னும் ஒரு ரூபாய்கூட அவன் சம்பாதிக்கவில்லை. ஆனால் கம்மல் அம்மா காதில் இருக்கிறது. நோட்டு அவன் பேரில் இருக்கிறது.